ஒற்றை ஒயர்

ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி, ஒரு சாண் நீளத்துக்கு ஒயர். மூன்றையும் மேசைமேல் வைத்து "இதை எரிய வைங்க" என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். ஹோல்டர் கிடையாது, சுவிட்ச் கிடையாது, இரண்டாவது ஒயரும் கிடையாது. பி.எட். சேர்ந்த முதல் வாரத்தில் இயற்பியல்காரர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். எல்லோரும் பட்டதாரிகள். பாதிப் பேர் எம்.எஸ்சி. கிர்ச்சாஃப் விதிகளை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுத் தேறி வந்தவர்கள்.

முதல் இரண்டு நிமிடம் சிரிப்பு. "மேம், இது ஆறாங்கிளாஸ் எக்ஸ்பெரிமென்ட்." அப்புறம் சிரிப்பு குறையும். ஒருவர் பல்பின் அடிநுனியைப் பேட்டரியின் தலையில் வைத்து அழுத்திப் பார்ப்பார். எரியாது. இன்னொருவர் பேட்டரியின் அடியிலிருந்து ஒயரைக் கொண்டுவந்து, பல்பின் அதே நுனியில் தொட வைப்பார். எரியாது. யாராவது ஒருவர் ஒயரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் இரண்டு பக்கத்திலும் வைத்து, பல்பை அதன் உச்சியில் கிரீடம்போல நிறுத்திப் பிடித்திருப்பார். சில நொடியில் "ஆ, சுடுது!" என்று கையை உதறுவார். ஒயர் சுடுகிறது, பல்பு எரியவில்லை. அதாவது கரண்ட் போகிறது, பல்புக்குள் மட்டும் போகவில்லை. இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. ஆனால் இத்தனை வருடத்தில் அதைத் தடயமாக எடுத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. "மேம், இந்த பேட்டரி வீக்கா இருக்கு, வேற கொடுங்க" என்பார்கள்.

கால் மணி நேரத்துக்குள் எங்காவது ஒரு மூலையில் மங்கலாக ஒரு பல்பு எரியும். எல்லோரும் அங்கே ஓடுவார்கள். எரிய வைத்தவரிடம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்கே தெரியாது. "சும்மா அப்படி இப்படித் திருப்பினேன், எரிஞ்சுது."

சிக்கல் எங்கே என்றால், பல்புக்கு இரண்டு வாசல் உண்டு என்பது யாருக்கும் தெரியாது. அடியில் உள்ள ஈயப் பொட்டு ஒன்று. பக்கத்தில் உள்ள உலோகக் கழுத்து இன்னொன்று. உள்ளே இருக்கும் இழையின் ஒரு கால் பொட்டுக்கு இறங்குகிறது, மற்றொரு கால் கழுத்தோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. பழைய பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துபோகும். ஆனால் பாடப்புத்தகத்தில் பல்பு என்பது வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. அந்த வட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. பதினேழு வருடம் படித்த படிப்பில் அந்த வட்டத்தைப் பல ஆயிரம் முறை வரைந்திருக்கிறார்கள். பல்பைத்தான் பார்த்ததில்லை.

யாருக்கும் அவமானமாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விஷயம் சொல்வேன். 1990-களில் அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆவணப்படத்தில், பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக நின்ற எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் இதே மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். பலர் நம் ஆட்கள் மாதிரியேதான் முழித்தார்கள். இதைச் சொன்னதும் வகுப்பே நிம்மதியாகப் பெருமூச்சு விடும். எம்.ஐ.டி.யே முழித்தது என்றால் நாம் முழிப்பதில் என்ன குறை!

இந்தச் சோதனையை நான் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்க அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் பழகிப்போன ஒன்றுதான். நான் இதற்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் வெட்கத்துக்குரியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பதினைந்து, பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் இந்த வேலைக்குப் புதிது. அப்போது பி.எட். ஒரே வருடம்தான். மின்சுற்று பாடத்துக்கு மாதிரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பேட்டரியையும் பல்பையும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, ஒயரை வந்து இணைக்கச் சொன்னேன். திருவண்ணாமலை பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பையன் எழுந்து வந்து ஒரே ஒரு கோடு போட்டான். பேட்டரியிலிருந்து பல்புக்கு. சாக்பீஸை வைத்துவிட்டான்.

"இன்னொரு ஒயர் எங்க தம்பி?"

"ஒண்ணு போதும் மேம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். "சுற்று முழுமையடையாமல் மின்னோட்டம் பாயாது, இது ஆறாம் வகுப்புப் பாடம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கோட்டை நானே போட்டேன். அவன் விடவில்லை. "எங்கப்பா சைக்கிள் டைனமோவுல ஒரு ஒயர்தான் மேம் வருது. லைட் எரியுதே" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. "டைனமோ வேற, பேட்டரி வேற. உட்காருங்க" என்று சொன்னேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் மறுபடி கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ இருக்கும். பஞ்சர் ஒட்ட ஒரு சைக்கிள் கடையில் நின்றிருந்தேன். கடைக்கார அண்ணன் ஒரு பழைய சைக்கிளில் டைனமோ மாட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் ஒரே ஒயர். எனக்குச் சுரீர் என்றது. கேட்டேன்.

"ஏண்ணே, இதுக்கு ஒரு ஒயர்தானா? இன்னொண்ணு?"

"பாடிதான் எர்த்து, டீச்சர்."

அவ்வளவுதான். மூன்று சொல். டைனமோவிலிருந்து ஒயர் வழியாக விளக்குக்குப் போகிற கரண்ட், விளக்கின் உலோக உடம்பு வழியாக ஹேண்டில்பாருக்கு வந்து, சைக்கிளின் இரும்புச் சட்டம் வழியாக டைனமோவுக்கே திரும்புகிறது. சைக்கிள்தான் இரண்டாவது ஒயர். அவர் ஒரு படி மேலே போய், டைனமோவைப் பிடிக்கும் கிளாம்பில் இருக்கிற கூர்முனை ஸ்க்ரூவைக் காட்டினார். "பெயின்ட் மேல உட்கார்ந்தா எரியாது. இந்த ஊசி பெயின்டைக் கிழிச்சு இரும்பைத் தொடணும். புது சைக்கிள்ல லைட் எரியலைன்னு வருவாங்க பாருங்க, பாதி இதுதான்." அந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி, கிளாம்புக்கு நடுவில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். விளக்கு எரியவில்லை. ரப்பரை எடுத்து ஸ்க்ரூவை முடுக்கினார். எரிந்தது.

மின்கடத்தி, மின்காப்பு, மூடிய சுற்று, திறந்த சுற்று, நான்கும் அந்த ஒரு நிமிடத்தில் வந்துபோயின. நான் இரண்டு பீரியடு எடுத்து நடத்துகிற பாடம். அந்தப் பையன் அதைத்தான் வகுப்புக்குக் கொண்டு வந்திருந்தான். நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவன் சொன்னது தவறு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கரண்ட் திரும்பி வர ஒரு வழி இல்லாமல் பல்பு எரியாது. ஆனால் அந்தத் தவறு அவனுக்குக் கண்ணால் கண்ட சாட்சியிலிருந்து வந்தது. தினமும் சாயங்காலம் அப்பாவின் சைக்கிளில் பார்த்து, யோசித்து, கட்டிக்கொண்ட ஒரு விளக்கம். என்னிடம் இருந்தது புத்தகத்தில் பார்த்த சரியான விடை. யார் அந்த இடத்தில் விஞ்ஞானி மாதிரி நடந்துகொண்டது என்று கேட்டால், நான் இல்லை.

கன்ஸ்ட்ரக்டிவிசம் என்று பி.எட். பாடத்தில் வருவது இதைத்தான் பேசுகிறது. தமிழில் இதற்குக் கட்டமைப்புவாதம், ஆக்கவாதம், இன்னும் என்னென்னவோ பெயர். நோட்ஸுக்கு நோட்ஸ் மாறும். நான் வகுப்பில் 'அறிவைக் கட்டிக்கொள்ளுதல்' என்றே சொல்லிவிடுவேன். குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல அறிவை ஊற்ற முடியாது. ஒவ்வொருவரும் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை வைத்துத்தான் புதியதைக் கட்டிக்கொள்ள முடியும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேவிலிருந்து இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968-ல் இதைச் சுருக்கி வைத்தார்: கல்வி உளவியல் மொத்தத்தையும் ஒரே விதியாகச் சொல்லச் சொன்னால், படிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைக் கண்டுபிடி, அதற்கேற்பக் கற்பி என்பேன் என்றார். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் இங்கிலாந்தின் லீட்ஸில் ரோசலிண்ட் டிரைவரும், நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆஸ்பர்னும் குழந்தைகளிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்கள்: கரண்ட் எப்படிப் போகிறது, மரத்துக்கு எடை எங்கிருந்து வருகிறது, பூமி எப்படி இருக்கிறது.

ஆஸ்பர்ன் மின்சாரத்துக்குக் கண்டுபிடித்த விடைகள் சுவாரசியமானவை. ஒரு ஒயர் போதும் என்று ஒரு கூட்டம். இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வந்து பல்புக்குள் முட்டிக்கொண்டு வெளிச்சம் வருகிறது என்று இன்னொரு கூட்டம். சுற்றித்தான் வருகிறது, ஆனால் பல்பு கொஞ்சம் சாப்பிட்டுவிடுவதால் குறைவாகத் திரும்புகிறது என்பவர்கள் நிறைய. போன அளவே திரும்பி வருகிறது என்று சொன்னவர்கள் கொஞ்சம். என் பி.எட். வகுப்பிலும் இதே நான்கு கட்சிகள்தான். கடல்கடந்து ஒரே மாதிரி தவறு செய்கிறோம் என்பது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் நம் பேச்சைக் கவனித்தேன். "கரண்ட் ரொம்ப செலவாகுது", "ஏசி கரண்டைக் குடிக்குது", "பேட்டரி தீர்ந்துபோச்சு." செலவாவது ஆற்றல், மின்னோட்டம் அல்ல. ஆனால் வீட்டில் அப்பா கரண்ட் பில்லை வைத்துக்கொண்டு திட்டும்போது இந்த வித்தியாசத்தையெல்லாம் பார்ப்பதில்லை. பள்ளிக்கு வருவதற்குள் குழந்தைக்கு மின்சாரம் பற்றி ஒரு முழுப் பாடமே முடிந்திருக்கிறது.

சரி, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வைத்துக் காட்டிவிட்டால் தீர்ந்ததா? பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காட்டும். நியூசிலாந்தில் இதையும் செய்தார்கள். மாணவர்கள் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். சில மாதம் கழித்து காலின் கால்ட் என்ற ஆய்வாளர் போய் மறுபடி கேட்டபோது, சிலர் பழைய எண்ணத்துக்கே திரும்பியிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. அன்றைக்கு அம்மீட்டர் இரண்டும் வேறு வேறு அளவு காட்டியதாக அவர்கள் நினைவில் இருந்தது. நினைப்புக்கு ஏற்றபடி நினைவையே திருத்திக்கொண்டிருந்தார்கள். 1986-ல் வந்த ஆய்வு அது. அதைப் படித்த அன்று 'செய்து காட்டினால் புரிந்துவிடும்' என்ற என் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பருவகாலமும் இப்படித்தான். கத்தரி வெயில் ஏன் என்று கேட்டால், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால் என்று பாதி வகுப்பு சொல்லும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. இதைச் சொன்னதும் கொஞ்சம் திகைப்பார்கள். பிறகு பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்பது நினைவுக்கு வரும். "ஆமாம் மேம், சாய்ஞ்சிருக்கறதால நம்ம பக்கம் சூரியனுக்குக் கிட்ட போகுது!" இந்த விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாய்வு என்ற புதுச் சொல்லை வாங்கி, 'கிட்ட' என்ற பழைய எண்ணத்துக்கே முட்டுக் கொடுத்துவிட்டார்கள். பரீட்சையில் 'அச்சு சாய்வு' என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு குச்சியை முற்றத்தில் நட்டு மாதக்கணக்கில் நிழல் அளக்க வைக்க ஆரம்பித்தேன். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் செங்குத்தான குச்சிக்கு நிழலே விழாது. சூரியன் நேர் தலைக்கு மேல். சித்திரை வெயில் ஏன் மண்டையைப் பிளக்கிறது என்று அந்த நிழலில்லாத குச்சியைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், சாய்வு தானாக உள்ளே வரும். கதிர் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதுதான் விஷயம், தூரமல்ல என்பது காலுக்குக் கீழேயே கிடக்கும்.

ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறேன். 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் உருவானது, குழந்தை அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதை வெளிப்படையாகவே சொன்னது. அதன் பிறகு பி.எட். பாடத்திட்டங்களில் கன்ஸ்ட்ரக்டிவிசம் ஒரு அலகாக நுழைந்தது. நானும் நடத்தினேன். எப்படி நடத்தினேன் தெரியுமா? 'கட்டமைப்புவாத வகுப்பறையின் இயல்புகள்' என்று தலைப்பு எழுதி, ஐந்து பாயின்ட் டிக்டேட் செய்தேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. அறிவை வாயால் ஊற்ற முடியாது என்பதை வாயால் ஊற்றினேன். அந்த வகுப்பில் யாராவது எழுந்து சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை, நன்றாகப் பழகியிருந்தார்கள்.

எங்கள் பாடக்குறிப்பு நோட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டம் ஆசிரியர் செயல், ஒரு கட்டம் மாணவர் செயல். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முன் இதை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்கு எடுக்கப் போகும் வகுப்புக்கு இன்று ராத்திரி எழுதுவார்கள். மாணவர் செயல் கட்டத்தில் இப்படி இருக்கும்: 'மாணவர்கள் கூர்ந்து கவனித்தனர்.' 'மாணவர்கள் சரியான விடையைக் கூறினர்.' இறந்தகாலம்! நடக்காத வகுப்பில், பார்க்காத குழந்தைகள், கேட்காத கேள்விக்குச் சரியான விடை கூறி முடித்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான நோட்டில் நானும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது பாடக்குறிப்பு எழுதும் பழைய முறையான ஹெர்பார்ட் படிநிலைகள் போய், 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள் கொண்ட '5 ஈ' மாதிரி வந்திருக்கிறது. கட்டங்களின் தலைப்பு மாறியது. மாணவர்கள் இன்னும் சரியான விடையைக் கூறிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் பற்றித் தெரிந்துகொண்டேன். கடை மூடிய பிறகு போய்ச் சேர்ந்த வாடிக்கையாளர் மாதிரி. அந்தத் திட்டத்தை மத்தியப் பிரதேச அரசு 2002-ல் நிறுத்திவிட்டது. அறிவியல் கல்வியில் நம் நாட்டில் நடந்த பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்தது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்று இரண்டு தன்னார்வ அமைப்புகள். கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சத்கோபால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பார்த்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தார். டாடா நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கலந்துகொண்டார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-ல் இதை எடுத்து நடத்துவதற்காக ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது.

எல்லாம் அரசுப் பள்ளிகள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு. ஆசிரியர்களில் பலர் அறிவியலே படிக்காதவர்கள். குழந்தைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து சோதனை செய்வார்கள். பள்ளிக்குச் சோதனைப் பெட்டி ஒன்று உண்டு. புத்தகத்தில் சோதனை இருக்கும், கேள்வி இருக்கும், விடை மட்டும் அச்சில் இருக்காது. குழந்தை செய்து பார்த்து, தன் நோட்டில் எழுதினால்தான் பாடம் முழுமையாகும். பரீட்சைக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டே போகலாம். பார்த்து எழுத அதில் விடை இல்லையே! குழந்தைகள் கேள்வி கேட்டு எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுத 'சவாலிராம்' என்றொரு கற்பனை ஆள்கூட இருந்தார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஆசிரியர் பயிற்சி. கோடை விடுமுறையில் மூன்று வாரம். அங்கே ஆசிரியர்களுக்குக் கல்வித் தத்துவம் பற்றி விரிவுரை கொடுத்து அனுப்பிவிடவில்லை. குழந்தைகள் செய்யப்போகும் சோதனைகளை ஆசிரியர்களே குழுவாக உட்கார்ந்து செய்ய வேண்டும். தப்பாக வரும். ஏன் தப்பாக வந்தது என்று சண்டை போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் சில நேரம் 'எனக்குத் தெரியவில்லை, பார்க்கலாம்' என்பார். அப்புறம் பள்ளி திறந்த பிறகு மாதாமாதம் கூட்டம். வகுப்பில் எது ஓடவில்லை என்று பேசுவதற்காக. இங்கே வட்டார வள மையத்துப் பயிற்சிகளில் கருத்தாளராக நின்று நான் வாசித்த பவர்பாயின்ட்களை நினைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்குவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நம் ஊரிலும் முயற்சி நடக்காமல் இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னெடுக்க, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்த ஆசிரியர். அந்தக் கடைசி ஒன்றுக்காகவே அதை நான் மதிக்கிறேன். நாற்காலியை விட்டு இறங்குவது சின்ன விஷயம் இல்லை. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று வந்தது. அதில் ஒரு படி மனவரைபடம்: பாடத்தைப் படித்துவிட்டு, தனக்குப் புரிந்ததை ஒவ்வொரு குழந்தையும் தன் போக்கில் படமாக வரைய வேண்டும். நல்ல யோசனை. ஒரு பள்ளிக்குப் பார்க்கப் போனேன். முப்பது நோட்டு. முப்பதிலும் ஒரே மனவரைபடம். கிளைகளின் நிறம்கூட ஒன்று. கரும்பலகையில் டீச்சர் வரைந்ததைப் பார்த்து எழுதியிருந்தார்கள். டீச்சர் அதை ஒரு கைடைப் பார்த்து வரைந்திருந்தார். யாருடைய மனத்தின் வரைபடம் அது என்று கேட்க வாய் வரவில்லை. பார்வையிட வருகிறவர்கள் மனவரைபடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், அதனால் இருந்தது.

எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. குழந்தைகளைச் சும்மா விட்டால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது கதை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் 2006-ல் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். புதிதாகப் படிப்பவருக்கு வழிகாட்டல் குறைந்தால் கற்றலும் குறையும் என்று. டிரைவரே 1983-ல் இதைக் கேலியாகச் சொல்லியிருக்கிறார். 'செய்கிறேன், புரிகிறது' என்ற பழைய வாசகத்தை மாற்றி, 'செய்கிறேன், இன்னும் குழம்புகிறேன்' என்றார். பேட்டரியையும் பல்பையும் ஒரு வருடம் கொடுத்து வைத்தாலும் எந்தக் குழந்தையும் மின்னழுத்தம் என்ற கருத்தைத் தானாகப் பெற்றுவிடாது. அதை ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மீட்டர் இரண்டும் ஒன்றாகக் காட்டும்போது, 'அப்ப பல்பு எதைச் சாப்பிடுது?' என்ற கேள்வி குழந்தைக்கு அரிக்கத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் சொன்னால் ஒட்டும். அதற்கு முன் சொன்னால் ஐந்து மதிப்பெண்ணோடு போய்விடும். எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிவதற்கு, குழந்தை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது. போர்ஷன் முடிக்க வேண்டும், பத்தாம் வகுப்பு ரிசல்ட் காட்ட வேண்டும் என்கிற ஆசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எல்லாப் பாடத்துக்கும் முடியாது, வருடத்துக்கு நாலு பாடம் இப்படி எடுங்கள் என்று பேரம் பேசுகிறேன்.

2015-லிருந்து பி.எட். இரண்டு வருடம். பள்ளியில் இருக்கும் நாட்களும் கூடின. அந்தக் கூடுதல் நேரத்தில் நான் செய்கிற ஒரே மாற்றம் இதுதான்: பாடக்குறிப்பில் 'மாணவர் செயல்' கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு, குழந்தை வாயிலிருந்து வந்ததை வந்தபடி எழுத வேண்டும். தப்பான விடைகளுக்கு முதலிடம். முதல் வருடம் பல நோட்டுகள் காலியாகவே வந்தன. எதுவும் கேட்கவில்லை, அதனால் எழுத எதுவும் இல்லை. காலிக் கட்டத்துக்கும் கையெழுத்துப் போட்டேன். பொய்யை விட அது மேல்.

போன வருடம் ஒரு பயிற்சி மாணவி, ஏழாம் வகுப்புக்கு மின்சுற்றுப் பாடம். டைனமோ கதையை என்னிடம் கேட்டிருந்தவள், ஊரெல்லாம் தேடி டைனமோ வைத்த பழைய சைக்கிள் ஒன்றைப் பிடித்து வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். ரப்பர் துண்டு, ஸ்க்ரூ, எல்லாம் அந்த அண்ணன் செய்த மாதிரியே. குழந்தைகள் பெயின்டைச் சுரண்டி, சட்டத்தில் எங்கெல்லாம் தொட்டால் எரிகிறது என்று தேடியிருக்கிறார்கள். சாயங்காலம் எனக்கு போன்.

"மேம், ஒரு பையன் கேட்டான். கரண்ட் ட்ரெயினுக்கு மேல ஒரு கம்பிதானே போகுது, அப்ப திரும்பி வர்ற ஒயர் எங்கன்னு."

"அட! நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை மேம். நீ என்ன நினைக்கிறேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்துட்டு நின்னான். அப்புறம் ட்ரெயின் சக்கரம் இரும்பு, தண்டவாளமும் இரும்புன்னு சொல்லிட்டான்."

எனக்கு ஒரு நொடி பேச்சு வரவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"அதுக்குள்ள இன்னொருத்தி எழுந்து, தண்டவாளத்துல கரண்ட் வந்தா தொட்டா ஷாக் அடிக்கணுமேன்னு சண்டைக்கு வந்துட்டா மேம். எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. யாரும் போய்ப் பார்க்கக் கூடாதுன்னு முதல்ல சத்தியம் வாங்கினேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க. அவன் என்ன சொன்னான்?"

"அடிக்காதாம் மேம். அவங்க ஆடு தினமும் அதைத் தாண்டித்தான் மேயப் போகுதாம்."